பெல்ட் கத்தினால் உடனே மாற்ற வேண்டாம்: முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து 'கிரீச்' என்று கத்தல். ஏசி போட்டால் இன்னும் கூடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் "ஃபேன் பெல்ட் போயிடுச்சு, மாத்திடலாம்" என்ற பதில்தான் வரும். புது பெல்ட் போட்டால் சத்தமும் நின்றுவிடும். பல வண்டிகளில் சில வாரம் கழித்து அதே கத்தல் திரும்பி வரும். காரணம், கத்துவது பெல்ட்தான் என்றாலும் பழுது பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்: தளர்ந்த டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), ஒரு பக்கம் சாய்ந்த புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), கிரீஸ் காய்ந்துபோன பேரிங், மேலிருந்து சொட்டும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்). புது ரப்பர் நன்றாகப் பிடிப்பதால் அந்தக் குறையைக் கொஞ்ச நாள் மறைக்கிறது. அதனால் முதலில் எது கத்த வைக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகுதான் பெல்ட்டுக்குக் காசு.

இங்கே பேசுவது எஞ்சினின் வெளிப்பக்கத்தில் ஓடும் பெல்ட் பற்றி. எஞ்சின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை வாங்கி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றை ஓட்டுவது இதுதான். கவருக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட் வேறு; அதில் பல் இருக்கும், அது ஸ்லிப் ஆகி, அதாவது வழுக்கி, கத்தாது. வெளி பெல்ட்டின் உள்பக்கத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும். முதுகில் 6பிகே1070 என்று அச்சிட்டிருந்தால் 6 வரி, பிகே வகை, நீளம் 1070 மி.மீ. என்று அர்த்தம். பிகே வகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மி.மீ. இந்த எண்ணை வண்டியின் மேனுவலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு யாரோ தவறான நீளத்தை மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஓடும் எஞ்சின் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள். துப்பட்டா, துண்டு, வேட்டி நுனி, தொங்கும் அடையாள அட்டை, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அது தானாகச் சுழல ஆரம்பிக்கலாம். பெல்ட்டைக் கையால் தொடும் எந்த வேலைக்கும் முன்பு சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்பது

கத்தலில் மூன்று ரகம் உண்டு. 'கீச்... கீச்... கீச்' என்று குருவி போல விட்டு விட்டு வருவது முதல் ரகம். ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) தெளிவாகக் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகமாகி, பிறகு எஞ்சின் சத்தத்தில் மறைந்துவிடும். இது பெரும்பாலும் புல்லிகள் நேர்கோட்டில் இல்லாததால் வருவது. இரண்டாவது, இழுத்துப் பிடித்த 'கிரீ....ச்'. லோடு (பெல்ட் இழுக்க வேண்டிய சுமை) ஏறும்போது கூடும், லோடு குறைந்தால் நிற்கும். பெல்ட் ஸ்லிப் ஆகிறது என்று பொருள். மூன்றாவது 'கரகர' என்ற அரைப்பு, அல்லது 'ங்ங்' என்ற உறுமல். அது பேரிங் பேசும் பேச்சு. ஆனால் ஐட்லரில், அதாவது எதையும் ஓட்டாமல் பெல்ட்டின் பாதையை மட்டும் திருப்பும் புல்லியில், கிரீஸ் காய்ந்த பேரிங் ஒன்று குளிர்ந்த காலையில் பெல்ட் போலவே கீச்சிடும், சூடானதும் அடங்கும். அதனால் காதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

சத்தத்தின் தாளத்தையும் கவனியுங்கள். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் கிராங்க் புல்லி வினாடிக்கு 13 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அதன் விட்டம் 140 மி.மீ. என்றால், 1070 மி.மீ. பெல்ட் ஒரு முழுச் சுற்று வருவது வினாடிக்கு ஐந்தரைத் தடவைதான். எண்ணக்கூடிய அளவுக்கு நிதானமாக, ஒரே சீராக 'டிக் டிக்' அல்லது 'கீச் கீச்' என்று வந்தால் பெல்ட்டின் ஒரே ஒரு இடத்தில்தான் கோளாறு: வரிக்குள் சிக்கிய சிறு கல், பிய்ந்துபோன ரப்பர் துண்டு. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முழு நீளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து, லோடு ஏற்றிப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ஹெட்லைட், பின் கண்ணாடி டீஃபாகர், புளோயர் மூன்றையும் முழுசாகப் போடுங்கள். கத்தல் வந்தால் ஆல்டர்னேட்டர் பக்கம் சந்தேகம். ஏசி சுவிட்சைத் தட்டியதும், கம்ப்ரஸரின் கிளட்ச் 'டக்' என்று ஒட்டும் அதே நேரத்தில் கத்தினால் கம்ப்ரஸர். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் முழு லாக் வரை திருப்பும்போது கத்தினால் ஸ்டீயரிங் பம்ப் லோடு. லாக்கில் சில வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். மின்சார ஸ்டீயரிங் உள்ள வண்டியில் பெல்ட்டுக்கு நேரடி ஸ்டீயரிங் லோடே கிடையாது.

காலையில் மட்டும் கத்தி, ஒரு நிமிடத்தில் அடங்குவதற்கும் விளக்கம் உண்டு. ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து எடுத்ததை எஞ்சின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் திருப்பி ஏற்றுகிறது. 14 வோல்ட்டில் 80 ஆம்பியர் என்றால் 1,100 வாட்டுக்கு மேல். ஆல்டர்னேட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் பெல்ட் ஏறத்தாழ 2 கிலோவாட் தர வேண்டும், அதுவும் சின்னப் புல்லி ஒன்றில். கொஞ்சம் தளர்ந்த பெல்ட் அங்கேதான் வழுக்கும். கத்தல் பல நிமிடம் நீண்டால் பேட்டரியையும் சோதியுங்கள். நலிந்த பேட்டரி, பெல்ட்டைத் தினமும் தேய்க்கும்.

தண்ணீர் சோதனை

ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சுத்தமான தண்ணீர் போதும். எஞ்சின் ஐடிலிங்கில் கத்திக்கொண்டிருக்கும்போது, ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் தள்ளி நின்று இரண்டு மூன்று தடவை மென்மையாகத் தெளியுங்கள். ஆல்டர்னேட்டர் மேலும் ஒயரிங் இணைப்புகள் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கூடினால் ஸ்லிப். பிடிப்பு ஏற்கனவே போதவில்லை, தண்ணீர் அதையும் குறைத்துவிட்டது. சத்தம் நின்று, சில வினாடியில் ஈரம் காய்ந்ததும் திரும்பினால் அலைன்மென்ட் கோளாறு, அதாவது புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. கோணலாக வரும் வரி, புல்லிப் பள்ளத்தின் சுவரில் உரசிக்கொண்டு இறங்குகிறது. ஈரம் இருக்கும்வரை அந்த உரசல் வழவழப்பாகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டுப் பேரிங்குகளைத் தேடுங்கள்.

தண்ணீருக்குப் பதில் டபிள்யூடி-40, சோப்பு, மெழுகு, பவுடர், பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரே எதுவும் கூடாது. எண்ணெய் சார்ந்தவை சில நிமிடம் அமைதி தந்துவிட்டு ரப்பரை ஊதவைத்து வழுக்கலைக் கூட்டும். ஒட்டும் தன்மையுள்ளவை தூசியை இழுத்து உப்புத்தாள் போலப் புல்லியைத் தேய்க்கும். பூசிய பிறகு சோதனை எதுவும் சரியான பதில் தராது. நோயை மறைத்துவிட்டு மருந்து தேடுவது ஆகிவிடும்.

ஸ்லிப் என்றால்

முதல் சந்தேகம் டென்ஷன். ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள எஞ்சினில் ஐடிலிங்கில் அதன் கையை உற்றுப் பாருங்கள். லேசான நடுக்கம் சகஜம். 6 மி.மீ. அளவுக்கு மேல் முன்னும் பின்னும் துள்ளினால் உள்ளே அதிர்வை அடக்கும் பகுதி தேய்ந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி, டென்ஷனரில் உள்ள சதுர ஓட்டையிலோ போல்ட் தலையிலோ நீளமான கைப்பிடி மாட்டி முழு தூரமும் நகர்த்துங்கள். தடங்கல், அரைப்பு, நடுவில் சிக்கல் எதுவும் இல்லாமல் வழுவழுப்பாகப் போய், விட்டால் வலுவாகத் திரும்ப வேண்டும். கைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் சிவப்புத் துருத்தூள் வடிந்திருந்தால் புஷ் (கை சுழலும் உள் வளையம்) தேய்ந்ததன் அடையாளம். பல டென்ஷனர்களில் அளவுக்குறி இருக்கும். குறிமுள் அந்த எல்லைக்கு வெளியே போயிருந்தால் பெல்ட் தேய்ந்திருக்கிறது அல்லது நீளம் தவறு.

ஸ்பிரிங் டென்ஷனர் இல்லாமல் கையால் முறுக்கும் வகையில், மிக நீளமான இடைவெளியின் நடுவில் சுமார் 10 கிலோ விசையில் அழுத்திப் பாருங்கள். பல கார்களில் 5 முதல் 10 மி.மீ. வரை இறங்குவது சரி. உங்கள் எஞ்சினுக்கான எண் மேனுவலில் இருக்கும், அதுதான் இறுதி. முறுக்கும்போது முதலில் ஆல்டர்னேட்டரின் கீழ் பிவட் போல்ட்டையும் மேலே உள்ள லாக் போல்ட்டையும் தளர்த்தி, அட்ஜஸ்டர் ஸ்குரூவைத் திருப்பி, பிறகு இரண்டையும் இறுக்க வேண்டும். ஸ்குரூ இல்லாத மாடலில் நெம்பி இறுக்குவது வழக்கம். நெம்புகோலை ஆல்டர்னேட்டரின் மெல்லிய அலுமினிய உடம்பில் ஊன்றினால் விரிசல் விழும், போல்ட் பிடிக்கும் தடித்த காதருகே ஊன்றுங்கள். கத்தல் போகவேண்டும் என்று வெறியோடு இறுக்குவது ரொம்பக் கெடுதல். அடுத்து போவது ஆல்டர்னேட்டரின் முன் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும். இரண்டின் செலவும் பெல்ட்டைவிடப் பல மடங்கு.

சில சின்ன எஞ்சின்களில் டென்ஷனரும் இருக்காது, அட்ஜஸ்டரும் இருக்காது. அது இழுபடும் எலாஸ்டிக் பெல்ட். அதைத் தளர்த்தவோ இறுக்கவோ வழியில்லை. தளர்ந்தால் புதிது, அதுவும் அதற்குரிய மாட்டும் கருவியோடு. அந்த இடத்தில் சாதாரண பெல்ட்டை மாட்டினால் சீக்கிரமே தளர்ந்து கத்தும்.

டென்ஷன் சரியாக இருந்தும் வழுக்குகிறதா? அப்படியானால் ஓட்டப்படும் பொருள் கனமாகிவிட்டது. ஏசியில் கேஸ் அளவுக்கு மேல் ஏற்றினாலோ, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் ஃபேன் ஓடாமல் போனாலோ அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் திணறும். ஏசி போட்டால் மட்டும் கத்துகிற வண்டியில் பெல்ட்டைத் தொடும் முன்பு அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

கசிவும் ஸ்லிப்புக்குக் காரணம். கிராங்க் சீலிலிருந்து ஆயில், வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளையிலிருந்து கூலண்ட், ஸ்டீயரிங் ஆயில் எதுவானாலும் பெல்ட்டில் பட்டால் பளபளப்பு ஏறும், ரப்பர் உப்பும். துளைக்குக் கீழே பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கறை, வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். கசிவை அடைத்த பிறகே புது பெல்ட். எண்ணெய் குடித்த பெல்ட்டைக் கழுவிப் பயன்படுத்துவதில் பயனில்லை. மழையில் நனைந்த காலையில் மட்டும் சில வினாடி கத்திவிட்டு நிற்பது பெரிய பழுது இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கத்தினால் வரிகள் தேய்ந்திருக்கின்றன அல்லது டென்ஷன் எல்லையில் நிற்கிறது.

அலைன்மென்ட் என்றால்

எஞ்சினை நிறுத்தி, நேரான இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்தில் சேர்த்து வையுங்கள். 300 மி.மீ. தூரத்துக்கு 1.5 மி.மீ. வரை விலகல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கீச்சிடும். புல்லி முகங்களின் விளிம்புத் தடிமன் வேறுவேறாக இருக்கலாம், அதனால் அளக்க வேண்டியது பள்ளத்திலிருந்து பள்ளம்வரை. ஸ்கேல் நுழைய இடமில்லாத எஞ்சினில் பெல்ட்டையே சாட்சியாக வையுங்கள்: ஒரு பக்க விளிம்பு மட்டும் நூல் பிரிந்திருப்பது, வரிகளின் ஒரு சுவர் மட்டும் மினுங்குவது, ஐட்லரின் வழவழப்பான முகத்தில் ஒரு ஓரத்தில் மட்டும் தடம் விழுந்திருப்பது.

விலகலுக்குக் காரணம் பலவும் எளியவை. பெல்ட் ஒரு வரி தள்ளி மாட்டப்பட்டிருக்கும், ஒரு வரி காற்றில் தொங்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியவர் ஒரு வாஷரை விட்டிருப்பார். பிராக்கெட் வளைந்திருக்கும். வாட்டர் பம்ப் மாற்றியபோது புல்லி முழுதாக உட்காரவில்லை. டென்ஷனரின் புஷ் தேய்ந்து அதன் புல்லி சாய்ந்திருக்கும். இது அடிக்கடி கண்ணில் படும் காரணம்.

கிராங்க் புல்லியைப் பலரும் சந்தேகிப்பதே இல்லை. அது ஒற்றை இரும்பு அல்ல. நடுக் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் அதிர்வை அடக்க ரப்பர் வளையம் உண்டு. சூட்டிலும் ஆயிலிலும் அந்த ரப்பர் வெடித்தால் வெளி வளையம் மெல்ல முன்னாலோ பின்னாலோ நகரும், ஆடும். ஐடிலிங்கில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் புல்லி தள்ளாடுவது தெரியும். இன்னொரு சோதனை: எஞ்சினை நிறுத்தி, குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புல்லி மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். வளையம் கழன்றால் பெல்ட்டும் சேர்ந்து போகும்.

தண்ணீர் எதையும் மாற்றவில்லை என்றால்

பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரை நெம்பி பெல்ட்டைக் கழற்றுங்கள். பெல்ட் இல்லாமல் எஞ்சினை 20 முதல் 30 வினாடி மட்டும் ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வாட்டர் பம்ப் நின்றிருக்கும், சார்ஜ் லைட் எரியும். சத்தம் இல்லையென்றால் பழுது பெல்ட் ஓட்டும் பொருள்களில் ஒன்றில் உறுதி. சத்தம் தொடர்ந்தால் டைமிங் பக்க பேரிங், டைமிங் பெல்ட்டோடு ஓடும் வாட்டர் பம்ப் போன்ற உள் விஷயம். அதைத் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சில டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பெல்ட் இல்லாமல் அந்த வண்டியை ஓர் அடிகூட நகர்த்த வேண்டாம், பிரேக் கல் போல ஆகிவிடும்.

எஞ்சினை நிறுத்திய பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். ஐட்லரும் டென்ஷனர் புல்லியும் கிரீஸின் லேசான இழுப்போடு ஒன்றிரண்டு சுற்றில் நிற்க வேண்டும். சுண்டிவிட்டதும் 'விர்ர்' என்று வெகுநேரம் சுழன்றால் கிரீஸ் காய்ந்துவிட்டது. பலரும் இதை நல்ல பேரிங் என்று தவறாக எண்ணுவார்கள். சொரசொரப்பு, அரைப்பு, பக்கவாட்டு ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. 140 மி.மீ. கிராங்க் புல்லி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது 70 மி.மீ. ஐட்லர் 6,000 சுற்று சுற்றுகிறது. அதனால்தான் முதலில் போவது இந்தச் சின்னப் பேரிங்குகள். இரும்பு ஐட்லர் பலவற்றில் 6203 எண் பேரிங் இருக்கும், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. அழுத்தி எடுத்து மாற்றலாம், இருபக்கமும் ரப்பர் சீல் உள்ள, சூடு தாங்கும் கிரீஸ் போட்ட தரமான பேரிங்காக வாங்குங்கள். பிளாஸ்டிக் புல்லியில் பேரிங் பதிந்தே வரும், முழுசாக மாற்றுவதுதான் வழி.

வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டுங்கள், கையில் உணரும்படி எந்த ஆட்டமும் கூடாது. கிளட்ச் வகை கம்ப்ரஸரில் ஏசி நின்றிருக்கும்போது புல்லி மட்டும் தனியாக, தடையின்றிச் சுழல வேண்டும். ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒரு விசேஷம் இருக்கலாம். பல புதிய வண்டிகளில் அது ஒரே திசையில் பிடிக்கும் புல்லி: ரோட்டரைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுச் சுழலும். இரண்டு பக்கமும் இறுகிவிட்டால் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் பெல்ட்டில் உதைக்கும். டென்ஷனர் துள்ளும், எஞ்சினை நிறுத்தும் நேரத்தில் 'கிரீச்' வரும். டென்ஷனரை மாற்றியும் துள்ளல் நிற்கவில்லையென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடிப்பின்றிச் சுழன்றால் சார்ஜே ஆகாது.

கையில் எட்டாத பேரிங்கைப் பிடிக்க, பெல்ட்டை மறுபடி மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பின் முனையை அந்தந்தப் பாகத்தின் நகராத இடத்தில் வையுங்கள்: ஐட்லரின் நடுப் போல்ட் தலை, ஆல்டர்னேட்டர் உடம்பு, பம்ப் உடம்பு. மோசமான பேரிங் மற்றவற்றைவிடப் பட்டவர்த்தனமாக இரையும்.

பெல்ட்டைக் கழற்றியிருக்கும்போதே வரிகளைப் பாருங்கள். பழைய நியோப்ரீன் பெல்ட் வெடிப்பு காட்டும். இன்று அதிகம் வரும் இபிடிஎம் ரப்பர் வெடிக்காமலே தேயும், அதனால் 'வெடிப்பு இல்லை, நல்லாத்தான் இருக்கு' என்ற முடிவு செல்லாது. புது பெல்ட்டின் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் கூரிய வி வடிவில் இருக்கும். தேய்ந்ததில் அகன்று யூ போல ஆகி, புல்லியின் முனை பள்ளத்தின் அடியைத் தொடும். அப்போது பக்கச் சுவர்களில் பிடிப்பு இருக்காது. தேய்மானம் அளக்கும் பிளாஸ்டிக் கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் இதில் குழப்பமே வராது. பள்ளங்களில் ரப்பர் உருண்டைகள் திரண்டிருந்தால் டென்ஷன் குறைவு அல்லது கோணல் ஓட்டம். லாரி, டிராக்டர்களின் பழைய வி பெல்ட்டில் கதை வேறு: பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். கீழே இறங்கி, புல்லியின் அடி பளபளத்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இரட்டை பெல்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே முழு லோடையும் சுமக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புதிது மாட்டும்போது

பெல்ட்டின் எண் அப்படியே இருக்க வேண்டும். வழுக்குகிறது என்று நீளம் குறைந்ததை வாங்குவது பேரிங்குகளைக் கொல்லும். புல்லிப் பள்ளங்களை பிரேக் கிளீனரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்து காயவிடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், அது போடும் கீறல் புது ரப்பரைத் தின்னும். எடுத்துவைத்த படத்தைப் பார்த்துப் பாதையில் மாட்டி, வழவழப்பான புல்லியைக் கடைசியாக விட்டால் விரல் மாட்டாமல் வேலை முடியும். ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள், பின்பக்கத்தையும் தவறாமல். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில் கையால் இரண்டு சுற்று திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

கையால் முறுக்கும் வகையில் எஞ்சினை 10 நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் டென்ஷனை மறுபடி அளந்து திருத்துங்கள். புது பெல்ட் அதற்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். கடைசியாக லைட், டீஃபாகர், ஏசி எல்லாம் போட்டு, இன்னொரு முறை தண்ணீர் தெளியுங்கள். புது பெல்ட்டும் தண்ணீருக்குக் கத்தினால் டென்ஷனரோ ஆல்டர்னேட்டர் புல்லியோ இன்னும் பாக்கி.